வெர்ரெஸ் கோட்டை: 1390இல் துப்பாக்கித் துளை எப்படி வந்தது?

வெர்ரெஸ் கோட்டை 1390இல் கட்டியது என்று குறிப்பு சொல்கிறது, நீங்கள் எடுத்த படத்திலோ துப்பாக்கித் துளைகள் தெரிகின்றன, அது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். 1390 என்பது கோட்டையின் நடுவில் நிற்கும் கட்டடத்தின் ஆண்டு. நீங்கள் படமெடுத்த துளைகள் வெளிமதிலில் இருக்கின்றன. இத்தாலியின் ஆவோஸ்தா பள்ளத்தாக்கில் இப்லேத்தோ ஷாலான் கட்டியது, பக்கத்துக்கு 30 மீட்டர் உள்ள அந்தக் கனசதுரம்தான். மதிலைப் பீரங்கிப் போருக்கென்று 1536இல் ரெனே ஷாலான் சேர்த்தார். குறிப்பில் ஒரே ஆண்டைப் போட்டதால் வந்த குழப்பமாக இருக்கும்.

படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்:

1. உயரமான, ஒடுக்கமான செங்குத்துப் பிளவு என்றால் வில்லாளிக்கு.
2. வட்டத் துளையோ, அகன்ற வாயோ இருந்தால் துப்பாக்கிக்கு.

ஆனால் துளையை மட்டும் வைத்துச் சுவரின் வயதைச் சொல்லிவிடாதீர்கள். பல கோட்டைகளில் பழைய அம்புப் பிளவின் அடியைக் குடைந்து துப்பாக்கிக்கு மாற்றினார்கள். சுற்றியுள்ள கல்வரிசை கலைந்திருந்தாலோ, சாந்தின் நிறம் மாறியிருந்தாலோ துளை பிற்காலத்தது. சுவர் அதைவிடப் பழையது.