"யூ ஸ்மாஷ்ட் இட்" என்று மேனேஜர் சொன்னால்

தம்பி, மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் மேனேஜர் "யூ ஸ்மாஷ்ட் இட்" என்றார், அகராதியைப் பார்த்தால் 'அடித்து நொறுக்கு' என்று போட்டிருக்கிறது, நான் எதை உடைத்தேன் என்று கேட்டிருந்தீர்கள். ஒன்றையும் உடைக்கவில்லை. பாராட்டியிருக்கிறார். "தூள் கிளப்பிட்டே"ன்னு நம்ம ஊரில் சொல்வோமே, அதேதான். உங்கள் மேனேஜர் வெள்ளைக்காரராகவோ வெளிநாட்டில் படித்தவராகவோ இருக்க வேண்டும். இங்கே சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவர்கள் இவ்வளவு தாராளமாகப் புகழ்ந்து நான் அதிகம் கேட்டதில்லை. அவர்கள் வாயிலிருந்து "நாட் பேட்" வந்தாலே இனிப்பு வாங்கிக் கொடுக்கலாம்.

எதை ஸ்மாஷ் செய்தீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் அர்த்தம். டார்கெட், ரெக்கார்டு, இன்டர்வியூ என்றால் புகழ்ச்சி. படமோ பாட்டோ 'ஸ்மாஷ் ஹிட்' என்றால் ஓடு ஓடென்று ஓடியது. பர்கர் கடையில் 'ஸ்மாஷ்' என்று எழுதியிருந்தால், கறியைச் சூடான தட்டில் வைத்து நசுக்கிச் சுட்டது, அவ்வளவுதான்.

சமூக மன்றத்து பேட்மின்டன் கோர்ட்டில் இந்த வார்த்தை தினமும் காதில் விழும். தலைக்கு மேல் வரும் பந்தை ஓங்கிக் கீழே அடிப்பது ஸ்மாஷ். நம்ம ஆந்திராக்காரர் சாத்விக்சாய்ராஜ் 2023-இல் மணிக்கு 565 கிலோமீட்டர் வேகத்தில் ஒன்று அடித்து கின்னஸில் ஏறினார். காலாங் பக்கம் 'சிங்கப்பூர் ஸ்மாஷ்' என்று பெரிய விளம்பரம் பார்த்தால் எந்தக் கட்டடத்தையும் இடிக்கப் போவதில்லை. அது 2022-இல் இங்கே தொடங்கிய மேசைப்பந்துப் போட்டி. டென்னிஸுக்கு கிராண்ட் ஸ்லாம் மாதிரி இதற்கு கிராண்ட் ஸ்மாஷ்.

சக ஊழியர் "ஐ வாஸ் ஸ்மாஷ்ட் லாஸ்ட் நைட்" என்றால் எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டுவிடாதீர்கள். மூக்கு முட்டக் குடித்திருக்கிறார். (நீங்கள் குடிப்பவராக இருந்தால்: இரவு 10.30-க்கு மேல் காலை 7 மணி வரை பொது இடத்தில் குடிப்பது இங்கே குற்றம்.) ஆனால் ஒரு ஆளை 'ஸ்மாஷ்' செய்வதாக மட்டும் சொல்லிவிடாதீர்கள். இளவட்டங்கள் பேச்சில் அது படுக்கை விவகாரம். ஆபீஸில் விளையாட்டாகச் சொன்னாலும் ஹெச்ஆர் வரை போகும்.

உள்ளூர்க்காரர்கள் ஸ்மாஷைவிட 'வேக்' (whack, ஓங்கி அடி) தான் அதிகம் சொல்வார்கள். வேலையில் "ஜஸ்ட் வேக்" என்றால் யோசிக்காமல் இறங்கு. சாப்பாட்டு மேசையில் சொன்னால் வெளுத்துக் கட்டு.

இரண்டாவது கேள்விதான் முக்கியம். வாடகை வீட்டுக் குளியலறைக் கண்ணாடித் தடுப்பு நடுராத்திரியில் தானாகவே பொலபொலவென்று கொட்டிவிட்டது, வீட்டுக்காரருக்கு "ஐ ஸ்மாஷ்ட் த கிளாஸ்" என்று அனுப்பலாமா என்கிறீர்கள். அனுப்பவே அனுப்பாதீர்கள்! தமிழில் 'உடைந்தது' வேறு, 'உடைத்தேன்' வேறு. ஆங்கிலத்தில் ஒரே சொல் இரண்டு பக்கமும் ஓடும். முன்னால் 'ஐ' போட்டுவிட்டால் நீங்களே ஓங்கி அடித்ததாக ஆகிவிடும். பிறகு டெபாசிட்டில் கைவைத்தால் உங்கள் மெசேஜையே எடுத்துக் காட்டுவார்கள். "த ஷவர் கிளாஸ் ஷேட்டர்ட் பை இட்செல்ஃப்" என்று எழுதுங்கள். இந்த ஊரில் இது அதிசயமும் இல்லை. குளியலறைத் தடுப்புக்குப் போடும் டெம்பர்டு கண்ணாடி (சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்துக் கடினமாக்கியது) உள்ளுக்குள் எப்போதும் இறுக்கத்திலேயே இருக்கும். ஓரத்தில் பட்ட சின்ன அடியோ, தயாரிக்கும்போதே உள்ளே தங்கிய நிக்கல் சல்ஃபைடு துகளோ போதும், என்றைக்காவது ஒருநாள் மொத்தமும் சிதறிவிடும். அதனால்தான் வாள் போல நீளத் துண்டுகளாக உடையாமல் கல்கண்டு அளவில் கொட்டியிருக்கிறது.

போன் திரையில் கோடு விழுந்தால் 'கிராக்' போதும். ஏர்கான் ஓடவில்லை, லிஃப்ட் நின்றுவிட்டது என்றால் இங்கே எல்லாவற்றுக்கும் 'ஸ்பாயில்' தான். இலக்கணம் பார்க்காமல் சொல்லுங்கள், உடனே புரிந்துகொள்வார்கள்.

பெருக்குவதற்கு முன்னால் கீல், சட்டம், தரையில் கிடக்கும் துண்டுகள் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து அந்த மெசேஜோடு அன்றைக்கே அனுப்பிவிடுங்கள். ஒப்பந்தத்தில் ரிப்பேர் செலவு யார் தலையில் என்று போட்டிருக்கும் பக்கத்தையும் எடுத்து வையுங்கள். துண்டுகளைப் பழைய பேப்பரில் நன்றாகச் சுற்றித்தான் குப்பையில் போட வேண்டும்.