ஆண் பிள்ளைக்கு யார் சொல்வது?

வணக்கம். பத்தாம் தரத்தில் படிக்கும் என் மகனின் கைபேசியை அவன் உறங்கிய பிறகு எடுத்துப் பார்த்தேன். நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஆபாசக் காணொளிகளும், அவர்களோடு டியூஷனில் படிக்கும் ஒரு பெண்பிள்ளையைப் பற்றிய கூசும் பேச்சும் இருந்தன. பிறநாட்டுப் பண்பாடுதான் பிள்ளைகளைக் கெடுக்கிறது என நினைக்கிறேன். பாடசாலையில் பாலியல் கல்வியும் கொடுத்தால் இன்னும் மோசமாகாதா? கைபேசியைப் பறித்துவிடலாமா?
– ஒரு தாய், வெள்ளவத்தை

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். மகனின் கைபேசியில் பார்த்ததெல்லாம் அதில் இருக்கிறது. அவனோடு கதைத்ததாக ஒரு வரிகூட இல்லை. இந்தப் பதினைந்து வருடங்களில் அவனுடைய உடலைப் பற்றியோ ஒரு பெண்ணின் உடலைப் பற்றியோ வீட்டில் யாரும் அவனுக்கு எதுவும் சொல்லியிருக்கமாட்டீர்கள் என்றே ஊகிக்கிறேன். பிழையாக ஊகித்திருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

பிறநாட்டுப் பண்பாட்டை விட்டுவிடுவோம். அந்தப் பிள்ளையைப் பற்றி எழுதியவர்கள் நம்முடைய வீடுகளில் வளர்ந்தவர்கள்.

1986இல், பம்பலப்பிட்டியில் நாங்கள் வாடகைக்கு இருந்த சிறிய வீட்டில் நான் பெரியபிள்ளையானதற்காக எனக்குச் சாமத்தியவீடு நடந்தது. பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் தந்து, உளுத்தங்களி கிண்டித் தந்து, என்னை ஓர் அறைக்குள் இருத்தினார்கள். பிறகு மண்டபம் பிடித்து, ஊரையெல்லாம் அழைத்து, வீடியோவும் எடுத்தார்கள். என் உடலில் என்ன நடந்தது என்பதை அழைக்கப்பட்ட அத்தனை பேருக்கும் அறிவித்த குடும்பம், அது ஏன் நடக்கிறது என்பதை எனக்குச் சொல்லவில்லை. இதைப் பெண்கள் பலரும் எழுதிவிட்டார்கள். நான் இத்தனை வருடங்களாக நினைத்துக்கொண்டிருப்பது என் தம்பியை. பதினொரு வயதுப் பிள்ளை, என்னை ஏன் பார்க்க விடுகிறார்கள் இல்லை என்று பயந்துபோய், “அக்காவுக்கு என்ன வருத்தம்?” என்று கேட்டான். பெரியப்பா அவன் காதைத் திருகி, “ஆம்பிளப் பிள்ளைக்கு உதென்ன கதை?” என்று சொல்லிக் கடைக்கு அனுப்பினார். சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள்.

அன்று அவன் பாடம் படித்தான், சகோதரி. அக்காவின் உடலில் கேட்கக்கூடாத ஏதோ ஒன்று இருக்கிறது, அதைப் பற்றிப் பெரியவர்கள் சிரிப்பார்கள், அக்கறையோடு கேட்பவனுக்கு அடி விழும் என்பதே அந்தப் பாடம். மீதியை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் பாடசாலை வேனில் கூட வந்த பெரிய பெடியன்கள். அவர்களுக்கும் ஒன்றும் தெரியாது என்பதும், அவர்கள் சொன்ன வீரக்கதைகளில் பெரும்பாலானவை பொய் என்பதும் அவனுக்கு முப்பது வயதில்தான் விளங்கியது. பதின்ம வயதினர் தம் வயதினர் எல்லோரும் ஏதோ செய்துகொண்டிருப்பதாக உண்மையைவிட மிகையாகவே நம்புகிறார்கள். தான் மட்டும் பின்தங்கிவிட்டதாக நினைக்கும் பிள்ளை அந்தக் கூச்சத்தினாலேயே எல்லை மீறத் துணிகிறான். உங்கள் மகனுடைய குழுவில் நடப்பதும் அதுதான். பெண்பிள்ளைகளுக்காவது “கவனம்” என்ற ஒரு சொல்லைச் சொல்லி வைக்கிறோம். ஆண் பிள்ளைகளுக்கு அதுகூட இல்லை.

பாடசாலையைப் பற்றிக் கேட்டீர்கள். நான் படித்த காலத்தில் இனப்பெருக்கப் பாடம் வந்ததும் ஆசிரியை, “இதை வீட்டில் வாசியுங்கள்” என்று சொல்லிப் பக்கத்தைப் புரட்டினார். சில வருடங்களுக்கு முன் ஏழாம் தரத்துக்கென்று தயாரிக்கப்பட்ட பாலியல் கல்வி நூலொன்று பிள்ளைகளைக் கெடுத்துவிடும் என்று எதிர்க்கப்பட்டது. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து யுனெஸ்கோ 2018இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டி இதற்கு நேர்மாறானதைச் சொல்கிறது: இந்தக் கல்வி பிள்ளைகளை முன்கூட்டியே உறவுக்குத் தூண்டுவதில்லை, பல இடங்களில் தாமதப்படுத்தியும், ஆணுறைப் பயன்பாட்டைக் கூட்டியும் இருக்கிறது. மோசமாகும் என்று நீங்கள் அஞ்சுவது, எதுவும் கற்பிக்கப்படாமலே உங்கள் வீட்டில் நடந்துவிட்டது.

இலங்கையின் சட்டத்தைக்கூட நம் பெடியன்களுக்கு யாரும் சொல்வதில்லை. 1995இல் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டு, பெண்ணின் சம்மத வயது 12இலிருந்து 16 ஆக்கப்பட்டது. பதினைந்து வயதுப் பெண் மனமுவந்து சம்மதித்தாலும் சட்டத்தின் முன் அது சம்மதம் ஆகாது. அவளோடு உறவுகொண்ட பெடியன் மீது பாலியல் வல்லுறவு வழக்கே வரலாம். காதல் என்று நம்பிக்கொண்டிருக்கும் பதினேழு வயதுப் பிள்ளைக்கு இதைப் பொலிஸ் நிலையத்தில் வைத்தா சொல்வது?

உங்கள் மேல் எனக்குக் கோபமும் உண்டு. கடிதம் முழுவதும் உங்கள் மகன் கெட்டுப்போகிறான் என்ற துயரம் இருக்கிறது; அந்தப் பெண்பிள்ளைக்கு என்ன ஆகிறது என்று ஒரு சொல் இல்லை. அவளும் உங்களைப் போன்ற ஒரு தாயின் மகள், வாரந்தோறும் அதே வகுப்புக்குள் அவர்களைக் கடந்து போய் உட்காருகிறாள். அவளுடைய படம் ஏதாவது அந்தக் குழுவில் இருந்தால் இன்றைக்கே அவள் தாயிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள்; தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். மகனின் பெயர் வெளிவரும் என்று தயங்காதீர்கள்.

தம்பிக்கு இப்போது ஐம்பது வயது. தன் மகனுக்குப் பதின்மூன்று ஆனபோது, “அக்கா, நீங்கள் அவனோடு கதையுங்கோ, எனக்கு வாய் வராது” என்றான். நான் மறுத்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்துத் தெகிவளைக் கடற்கரையில் மகனோடு நடந்தபடி, அவன் முகத்தைப் பாராமல், கடலைப் பார்த்தே எல்லாவற்றையும் சொன்னானாம். பிள்ளை இடையில் நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறான்.

கைபேசியைப் பறிக்க வேண்டாம். அனுமதியில்லாமல் அதைத் திறந்து பார்த்ததை முதலில் மகனிடம் ஒப்புக்கொள்ளுங்கள். அவன் கோபப்படுவான், பொறுத்துக்கொண்டு, அந்தப் பெண்பிள்ளையைப் பற்றிப் பேச்சைத் தொடங்குங்கள். அவனுடைய அப்பாவும் கூட இருக்கட்டும்.