மொய் எழுத வராத நண்பன்

அன்புள்ள ஐயா,

சொந்த ஊர் குடியாத்தம். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறேன். பள்ளியில் கூடப் படித்த நண்பன் காட்பாடியில் இருக்கிறான். அவன் தங்கை கல்யாண ரிசப்ஷனுக்கு, "நீதான்டா மொய் எழுதணும்" என்றான். சரி என்றேன். அன்றைக்கு ஷிப்மென்ட் அவசரம், ராத்திரி வரை ஓவர்டைம் என்று மதியமே சொல்லிவிட்டார்கள். எப்படியாவது கிளம்பிவிடலாம் என்று இருந்தேன், முடியவில்லை. ஒன்பது மணிக்கு ‘சாரிடா’ என்று வாட்ஸ்அப் அனுப்பினேன். அவன் அப்பாவே உட்கார்ந்து எழுதினாராம். அவன் கோபப்படவில்லை, நன்றாகத்தான் பேசுகிறான். ஆனால் போன மாதம் வீடு மாற்றியபோது என்னைக் கூப்பிடவே இல்லை. வேலையால் போக முடியாதது தப்பா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள தம்பி,

போக முடியாததில் தப்பு இல்லை. ஷிப்மென்ட் நேரத்தில் லைனை விட்டு நகர முடியாது என்பது வாணியம்பாடியிலிருந்து ராணிப்பேட்டை வரை தோல் வேலை பார்க்கிற எல்லா வீட்டுக்கும் தெரியும். என்னை உறுத்துவது மதியத்துக்கும் ஒன்பது மணிக்கும் நடுவில் இருக்கிற நேரம்தான். மதியமே ஒரு போன் போட்டிருந்தால் அவர் சித்தப்பா மகனையோ மாமாவையோ பிடித்திருப்பார். நீங்கள் ‘சரி’ என்று சொல்லியிருந்ததால் வேறு ஆள் தேடவில்லை.

கல்யாண வீட்டில் பன்னீர் தெளிக்க, பந்தி பரிமாற, தாம்பூலப் பை கொடுக்க யாரை வேண்டுமானாலும் நிறுத்தலாம். மொய் நோட்டுக்கு மட்டும் ஆள் பார்த்துத்தான் உட்கார வைப்பார்கள். பணம் புழங்கும் இடம், அது ஒன்று. அதைவிட, ஒரே ஊரில் மூன்று முருகன் இருப்பார்கள். எந்த முருகன், யார் மகன் என்று பார்த்து எழுத வேண்டும். ஒருவர் பெயர் எழுதாத கவரை நீட்டுவார். இன்னொருவர், "இன்னாப்பா, என் பேரு கூடவா தெரியாது?" என்று முறைத்துக்கொள்வார். ஐந்நூற்று ஒன்றை நூற்று ஒன்று என்று எழுதிவிட்டால், வருஷங்கள் கழித்து அந்த வீட்டு விசேஷத்தில்தான் வெடிக்கும். அந்த நாற்காலியை உங்களுக்கு ஒதுக்கியிருந்தார் உங்கள் நண்பர். கடைசியில் அதில் உட்கார்ந்தவர் பெண்ணைப் பெற்றவர். வாசலில் நின்று வருகிறவர்களை ‘வாங்க வாங்க’ என்று கூப்பிட வேண்டியவர், மகள் மேடையில் நிற்கிற நேரம் முழுக்கத் தலையைக் குனிந்து நோட்டு எழுதியிருக்கிறார்.

நண்பர் கோபப்படாததைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சண்டை போட்டிருந்தால் அன்றோடு தீர்ந்திருக்கும். இவனோடு பேசலாம், சிரிக்கலாம், வேலை மட்டும் சொல்லக் கூடாது என்று அவர் மனசுக்குள் ஒரு கோடு போட்டுவிட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது.

நம் வடாற்காட்டுப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் பாரதத்தில் கர்ண மோட்சம் கூத்து பார்த்திருப்பீர்கள். கேட்டதையெல்லாம் கொடுத்தவன் என்றுதான் எல்லோரும் கர்ணனைச் சொல்கிறார்கள். எனக்கு அவன் ‘முடியாது’ என்று சொல்கிற இடம்தான் பெரிது. குந்தி வந்து, நீ என் மூத்த மகன், பாண்டவர் பக்கம் வந்துவிடு என்கிறாள். பெற்ற தாய். துரியோதனனை விட்டு வரமாட்டேன் என்று அவள் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறான். அப்புறம்தான், தன்னால் காப்பாற்ற முடிந்த இரண்டை மட்டும் கொடுக்கிறான்: நாகாஸ்திரத்தை இரண்டாம் தடவை விடமாட்டேன், அர்ச்சுனன் தவிர மற்ற நால்வரைக் கொல்லமாட்டேன். போரில் பீமன் தன் கையில் சிக்கியபோதும் அவனை உயிரோடு விடுகிறான். முதலில் மறுக்கத் தெரிந்ததால்தான் மற்றதை அவனால் நிறைவேற்ற முடிந்தது என்று நினைக்கிறேன். கேட்ட உடனே தலையாட்டுவது நம்மில் பலருக்குப் பழக்கம். ‘முடியாது’ என்று சொன்னால் நண்பன் மனசு நோகுமாம்!

சரி, இப்போது என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். நண்பருக்கு நீளமாக மெசேஜ் எழுத வேண்டாம். லீவு நாளில் காட்பாடி போய் முதலில் அவர் அப்பாவைப் பாருங்கள். மதியமே தெரிந்தும் சொல்லாமல் இருந்துவிட்டேன் என்பதை அவரிடம் சொல்லுங்கள். ஷிப்மென்ட் கதை வேண்டாம். மொய் வைக்கவில்லை என்றால் அதையும் அப்போதே கொடுத்துவிடுங்கள். அவர் திட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள். சாப்பிட்டுவிட்டுப் போ என்றால் மறுக்காமல் உட்காருங்கள்.