கேம்பர் பேட்டரியில் கெட்டிலும் மிக்ஸியும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் கேம்பர் வேனில் 100 ஏஎச் (ஆம்பியர்-அவர்) லித்தியம் பேட்டரி ஒன்றும், 1,000 வாட் ப்யூர் சைன் வேவ் இன்வெர்ட்டரும் இருக்கின்றன. கரண்ட் இணைப்பே இல்லாத இடத்தில் இரண்டு நாள் தங்கப் போகிறோம். கெட்டில், மிக்ஸி, ஃபேன், லேப்டாப் எல்லாம் ஓட்ட முடியுமா?

பதில்: பேட்டரிக்குள் எவ்வளவு இருக்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். 12.8 வோல்ட்டை 100 ஏஎச்சால் பெருக்கினால் 1,280 வாட்-அவர், அதாவது வீட்டு மீட்டர் கணக்கில் ஒன்றேகால் யூனிட். அடிவரை வழிக்காமல் 90 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இன்வெர்ட்டரில் வீணாகும் பத்துப் பன்னிரண்டு சதவீதத்தையும் கழித்தால், சாதனங்களுக்குப் போய்ச் சேர்வது ஏறக்குறைய ஒரு யூனிட்தான்.

அந்த ஒரு யூனிட்டை எடுக்கும்போது இரண்டு கணக்கைத் தனித்தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். ஒரே நேரத்தில் எவ்வளவு இழுக்கலாம் என்பது ஒன்று. இதை இன்வெர்ட்டர், வயர், பேட்டரிக்குள் இருக்கும் பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கும் கட்டுப்பாட்டுச் சுற்று) மூன்றும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. மொத்தம் எத்தனை மணி நேரம் இழுக்கலாம் என்பது இன்னொன்று. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான், பேட்டரியை நிஜமாகவே காலி செய்வது எது என்று பலருக்குத் தெரிவதில்லை.

கெட்டிலையே எடுத்துக்கொள்ளுங்கள். 2,000 வாட் கெட்டில் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 180 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். உங்கள் இன்வெர்ட்டர் அதைத் தாங்காது. 100 ஏஎச் லித்தியம் பேட்டரிகள் பலவற்றில் பிஎம்எஸ்ஸின் எல்லையே 100 ஆம்பியர்தான் என்பதால் பேட்டரியும் தன்னைத்தானே துண்டித்துக்கொள்ளும். ஆனால் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கத் தேவைப்படுவது 100 வாட்-அவர் மட்டுமே. ஆகவே 600 முதல் 800 வாட் வரையுள்ள சின்னக் கெட்டில் வாங்குங்கள். மூன்று நிமிடத்தில் கொதிப்பது எட்டு, பத்து நிமிடம் ஆகும். செலவாகும் மின்சாரம் கிட்டத்தட்ட அதேதான்.

இப்போது ஃபேன். சாதாரண 55 வாட் டேபிள் ஃபேன் இரவு பத்து மணி நேரம் சுற்றினால் 550 வாட்-அவர், உங்கள் பேட்டரியில் பாதி போய்விட்டது. ஐந்து முறை கெட்டில் வைக்கும் அளவு இது. அதற்குப் பதிலாக இன்வெர்ட்டர் இல்லாமலே ஓடும் 15 வாட் டிசி ஃபேனைப் பொருத்தினால் அதே பத்து மணி நேரத்துக்கு 150 போதும். லேப்டாப்பும் அப்படித்தான். பேட்டரியின் டிசியை (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) இன்வெர்ட்டர் ஏசியாக்கி (வீட்டில் வரும் மின்சாரம்), அதைச் சார்ஜர் மறுபடி டிசியாக்கும்போது இரண்டு இடத்திலும் இழப்பு. வண்டி சாக்கெட்டில் செருகும் 12 வோல்ட் லேப்டாப் சார்ஜர் வாங்கிவிடுங்கள்.

ஒரு நாளைக்கு: இரண்டு லிட்டர் தண்ணீருக்கு 200, மிக்ஸி ஐந்து நிமிடம் 60, லேப்டாப் மூன்று மணி நேரம் 180, டிசி ஃபேன் 150, எல்இடி விளக்குகள் 50. கூட்டினால் 640 வாட்-அவர். இரண்டு நாளுக்கு 1,280 ஆகிறது. கையில் இருப்பதோ 1,000 சொச்சம். பற்றாக்குறையை ஈடுகட்ட, கூரையில் படுக்கையாக வைத்த 200 வாட் சோலார் பேனல் ஒன்று போதும். நல்ல வெயில் நாளில் அது 600 வாட்-அவர் அளவுக்குக் கொடுக்கும். மேகமூட்டத்தில் இதில் கால் பங்குகூட வராமல் போகலாம். அன்று கெட்டிலை ஒதுக்கிவைத்து காஸ் அடுப்பைப் பயன்படுத்துங்கள், ஜன்னலைத் திறந்துவைத்து.

இண்டக்‌ஷன் அடுப்பு, அயர்ன் பாக்ஸ், ரூம் ஹீட்டர் மூன்றும் இந்த அமைப்புக்கு ஒத்துவராது. 1,500 வாட் இண்டக்‌ஷன் அடுப்பை உங்கள் இன்வெர்ட்டர் ஏற்காது. ஏற்கும் பெரிய இன்வெர்ட்டர் போட்டாலும் முக்கால் மணி நேரத்துக்குள் பேட்டரி தீர்ந்துவிடும்.

கேள்வி: 150 ஏஎச் டியூபுலர் (லெட் ஆசிட் வகை) பேட்டரி, 1,500 வாட் இன்வெர்ட்டர். பேட்டரி 12.6 வோல்ட் காட்டுகிறது. ஆனால் 750 வாட் மிக்ஸியைப் போட்டவுடன் இன்வெர்ட்டர் கத்திவிட்டு நின்றுவிடுகிறது. இன்வெர்ட்டரை மாற்ற வேண்டுமா?

பதில்: அவசரப்பட்டு மாற்றாதீர்கள். குறை பெரும்பாலும் வயரில் இருக்கும். பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவே எத்தனை மீட்டர், எத்தனை சதுர மி.மீ. வயர் என்று நீங்கள் எழுதவில்லை. வேன்களில் வழக்கமாகப் பார்க்கக்கூடிய அமைப்பை வைத்துச் சொல்கிறோம்: 10 சதுர மி.மீ. வயர், மூன்று மீட்டர் தூரம். மின்சாரம் போய்த் திரும்ப வேண்டும் என்பதால் வயரின் நீளம் ஆறு மீட்டர். தாமிரத்துக்கு அதன் தடை சுமார் 0.0105 ஓம். மிக்ஸி ஓடும்போது பேட்டரியிலிருந்து 70 ஆம்பியர் போகிறது. கிளம்பும் நொடியில் அது இரண்டு மடங்கைத் தாண்டி 150 ஆம்பியர் ஆகலாம். 150-ஐ 0.0105-ஆல் பெருக்கினால் வயரிலேயே 1.6 வோல்ட் காணாமல் போகிறது. அந்தப் பளுவில் பேட்டரியும் 11.8 வரை இறங்கும். இன்வெர்ட்டருக்குக் கிடைப்பது 10.2 வோல்ட். பெரும்பாலான இன்வெர்ட்டர்கள் 10.5 வோல்ட்டில் தாழ்வழுத்தம் என்று சொல்லி நின்றுவிடும். அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது.

இதைச் சோதித்துப் பார்க்க ஒரு மல்டிமீட்டரும் உதவிக்கு ஒருவரும் இருந்தால் போதும். ஜாரைக் காலியாக வைத்து, குறைந்த வேகத்தில் மிக்ஸியைச் சில நொடிகள் ஓட்டச் சொல்லுங்கள். அப்போது பேட்டரி முனைகளில் ஒரு முறை, இன்வெர்ட்டர் முனைகளில் ஒரு முறை வோல்ட்டை அளந்து பாருங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் 0.3 வோல்ட்டைத் தாண்டினால் வயர் அல்லது இணைப்பு. வித்தியாசம் சிறிதாக இருந்து, பேட்டரி முனையிலேயே 11.5-க்குக் கீழே சரிந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது. இணைப்புகளைத் தனியாகப் பார்க்க, மீட்டரின் ஒரு முள்ளைப் பேட்டரி முனையின் ஈயத்திலும் மற்றதை அதில் மாட்டியிருக்கும் லக்கிலும் (வயர் நுனியில் உள்ள உலோக வளையம்) வையுங்கள். பளு ஓடும்போது அங்கே 0.05 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த லக்கைக் கழற்றித் தேய்த்துச் சுத்தம் செய்து இறுக்க வேண்டும். சுத்தியலால் தட்டி நசுக்கிய லக் என்றால் வெட்டி எறிந்துவிட்டு, ஹைட்ராலிக் கிரிம்பிங் கருவியால் புதிதாகப் போடுங்கள்.

சரி செய்யும் வழி: இன்வெர்ட்டரைப் பேட்டரிக்கு ஒரு மீட்டருக்குள் கொண்டுவாருங்கள்; 50 சதுர மி.மீ. தாமிர வயர் போடுங்கள். அதே 150 ஆம்பியரில் இழப்பு 0.1 வோல்ட்டாகிவிடும். இன்வெர்ட்டரிலிருந்து மிக்ஸிக்குப் போகும் 230 வோல்ட் வயர் நீளமாக இருக்கலாம், அதில் ஓடுவது மூன்று, நான்கு ஆம்பியர்தான். நீளமான வயர் எப்போதும் அந்தப் பக்கம் இருக்கட்டும்.

ஃபியூஸை மறக்காதீர்கள். 1,500 வாட் இன்வெர்ட்டர் முழுப் பளுவில், தாழ்ந்த வோல்ட்டில் 160 ஆம்பியர் வரை இழுக்கும். 200 ஆம்பியர் ஃபியூஸ் சரியாக இருக்கும். அது பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும், ஏனென்றால் ஃபியூஸுக்கு முன்னால் உள்ள வயர் வண்டியின் உடம்பில் உரசி ஷார்ட் ஆனால் தடுக்க ஒன்றும் இல்லை. வீட்டு ஸ்விட்ச் போர்டில் இருக்கும் ஏசி எம்சிபியை (பளு கூடினால் தானாக விழும் சுவிட்ச்) இங்கே மாட்டக் கூடாது. டிசியில் எழும் தீப்பொறி தானாக அணையாது. எம்சிபி உள்ளேயே எரிந்துபோகும். லித்தியம் பேட்டரிக்கு மாறினால் கிளாஸ்-டி (Class T) வகை ஃபியூஸ் போடுங்கள், ஷார்ட்டில் லித்தியம் கொடுக்கும் ஆயிரக்கணக்கான ஆம்பியரை நிச்சயமாக அறுக்கக்கூடியது அது.

கேள்வி: வீட்டில் சும்மா கிடக்கும் சின்ன ஃப்ரிட்ஜை வேனில் வைக்கலாமா? 12 வோல்ட் ஃப்ரிட்ஜ் விலை அதிகமாக இருக்கிறதே!

பதில்: வைக்கலாம், ஆனால் மிச்சமாவதாகத் தோன்றும் பணம் பேட்டரியிலும் இன்வெர்ட்டரிலும் போய்விடும். வீட்டு ஃப்ரிட்ஜின் கம்ப்ரஸர் ஓடும்போது 80, 100 வாட்தான். கிளம்பும் நொடியில் அதைப் போல ஐந்து மடங்குக்கு மேல் கேட்கும். அதற்காகவே பெரிய இன்வெர்ட்டர் தேவை, அதுவும் நாள் முழுக்க ஆன் செய்தபடி இருக்க வேண்டும். 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ் 45 வாட் அளவில், நாளில் சுமார் 40 சதவீத நேரம் ஓடும். 24 மணி நேரத்துக்கு 430 வாட்-அவர், அதாவது 36 ஏஎச். வெக்கையில் இன்னும் கூடும். பின்பக்கம் காற்றோட்டம் கொடுத்து, ஏற்கெனவே குளிர்ந்த பொருளை உள்ளே வைத்தால் குறையும்.

காஸ், 230 வோல்ட், 12 வோல்ட் மூன்றிலும் ஓடும் ஃப்ரிட்ஜ் பற்றி ஓர் எச்சரிக்கை. அது கம்ப்ரஸர் வகை இல்லை, சூடேற்றும் கம்பியால் வேலை செய்வது. 12 வோல்ட்டில் 120 வாட்டுக்குக் குறையாமல் விடாமல் இழுக்கும். வண்டி ஓடும்போது மட்டுமே அந்த நிலையில் வையுங்கள்; நிறுத்தியதும் காஸுக்கு மாற்றுங்கள்.

கேள்வி: எதையும் ஓட்டவில்லை. ஆனாலும் காலையில் பேட்டரி 20 ஏஎச் குறைந்திருக்கிறது. ஏன்?

பதில்: இன்வெர்ட்டரை அணைத்தீர்களா? சும்மா ஆனில் இருந்தாலே பலவும் ஒன்றிலிருந்து இரண்டு ஆம்பியர் வரை எடுக்கும். பன்னிரண்டு மணி நேரத்துக்கு 20 ஏஎச் சரியாக வந்துவிடுகிறது. படுக்கைக்கு எட்டும் இடத்தில் ரிமோட் சுவிட்ச் வைத்து, வேலை முடிந்ததும் அணைத்துவிடுங்கள்.

கேள்வி: வோல்ட் மீட்டரைப் பார்த்து எத்தனை சதவீதம் மிச்சம் என்று எப்படிச் சொல்வது?

பதில்: லெட் ஆசிட் பேட்டரி என்றால் சொல்லலாம், ஆனால் சார்ஜும் பளுவும் இல்லாமல் சில மணி நேரம் ஓய்ந்திருக்க வேண்டும். 12.7 முழுசு, 12.4 முக்கால், 12.2 பாதி. பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் குறையும். பெட்டியில் எழுதியிருக்கும் 100 ஏஎச் பெரும்பாலும் 20 மணி நேரத்தில் மெதுவாக, ஐந்து ஐந்து ஆம்பியராக எடுத்தால் கிடைப்பது. 50 ஆம்பியரில் இழுத்தால் அது இரண்டு மணி நேரம் வராது.

லித்தியத்துக்கு இந்த வழி பயன்படாது. 80 சதவீதத்திலும் 40 சதவீதத்திலும் அது ஏறக்குறைய 13.2 என்றே காட்டிக்கொண்டிருக்கும், பிறகு திடீரென்று விழும். ஷன்ட் (ஓடும் ஆம்பியரை அளக்க உதவும் சிறு தடை) வைத்த பேட்டரி மானிட்டர் போடுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் முனையில் ஷன்ட்டின் வயர் ஒன்று மட்டுமே இருக்க வேண்டும். மற்ற எல்லா நெகட்டிவும் ஷன்ட்டின் மறுபக்கம். ஒரு வயர் தப்பிப்போனாலும் கணக்கு நாளுக்கு நாள் பொய்யாகும்.

கேள்வி: வண்டி இன்ஜினிலிருந்து லித்தியம் பேட்டரிக்கு நேராக வயர் இழுத்துச் சார்ஜ் செய்யலாமா?

பதில்: வேண்டாம். லித்தியம் கிடைப்பதையெல்லாம் வாங்கிக்கொள்ளும். இன்ஜின் ஐடிலில் இருக்கும்போது ஆல்டர்னேட்டரின் (இன்ஜின் சுழற்றும் ஜெனரேட்டர்) விசிறி மெதுவாகச் சுற்றும், பளுவோ உச்சத்தில், சூடேறிக் கருகிவிடும். நடுவில், எடுக்கும் ஆம்பியரைக் கட்டுப்படுத்தும் 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் வைத்தால் இரண்டு மணி நேரப் பயணத்தில் சுமார் 60 ஏஎச் ஏறும். இந்த வயரின் இரண்டு முனையிலும் ஃபியூஸ் வேண்டும், இரு பக்கமும் பேட்டரி இருப்பதால். உறைநிலைக்குக் கீழே குளிர்ந்திருக்கும் லித்தியத்தைச் சார்ஜ் செய்யக் கூடாது, செல்லுக்குள் உலோக லித்தியம் படிந்து நிரந்தரமாகக் கெட்டுவிடும்.

கேள்வி: இன்வெர்ட்டரின் அவுட்புட்டை வேனின் சுவர் சாக்கெட்டுகளுக்கே கொடுத்துவிட்டால் வசதியாக இருக்குமே?

பதில்: இரண்டு முனையிலும் பிளக் வைத்த வயரால் அதைச் செய்வதாக இருந்தால், தயவுசெய்து வேண்டாம். வெளியே தெரியும் பிளக் முள்ளில் 230 வோல்ட் இருக்கும். யாராவது வெளி இணைப்பைக் கொடுத்தால் இன்வெர்ட்டர் அந்த நொடியே எரியும். முறையாகச் செய்ய, வெளி இணைப்பு, இன்வெர்ட்டர் இரண்டில் ஒன்று மட்டுமே சேரும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் வேண்டும். பேட்டரி சார்ஜரை அந்தச் சாக்கெட் வரிசையிலிருந்து பிரித்துவிட வேண்டும், இல்லையென்றால் பேட்டரி தன்னைத்தானே சார்ஜ் செய்ய முயன்று காலியாகும்.

எர்த் கசிவு காக்கும் ஆர்சிசிபியை நம்பும் முன் இன்வெர்ட்டரின் கையேட்டைப் பாருங்கள். பல சின்ன இன்வெர்ட்டர்களில் நியூட்ரல் எர்த்தோடு சேர்ந்திருக்காது. அப்படியிருந்தால் கசிவு வந்தாலும் ஆர்சிசிபி விழாது (மின்சாரத்தைத் துண்டிக்காது). அதன் டெஸ்ட் பட்டன் எர்த்தைத் தொடாமலே வேலை செய்வதால், பட்டனை அழுத்தி அது விழுந்தது என்பதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இணைப்பை எலக்ட்ரீஷியன் பார்த்துச் சரிசெய்யும்வரை, ஒரு நேரத்தில் ஒரே ஒரு சாதனத்தை இன்வெர்ட்டரின் சொந்தச் சாக்கெட்டில் நேராகச் செருகிப் பயன்படுத்துங்கள்.