வி.ஏ.ஆர். இருந்தும் தப்பு நடக்கிறதே, கால்பந்து நடுவர்களை நம்பலாமா?

வி.ஏ.ஆர். (வீடியோ உதவி நடுவர்) என்பது எந்திரம் இல்லை, ஆள்தான். ஆட்டத்தை வீடியோவில் பார்த்து, மைதான நடுவரின் காதில் தகவல் சொல்லும் இன்னொரு நடுவர். கோல், பெனால்டி, நேரடி சிவப்பு அட்டை, ஆள் மாற்றி அட்டை காட்டுவது போன்ற சில முக்கிய விஷயங்களில் மட்டுமே தலையிடலாம். அதுவும் தவறு பளிச்சென்று தெரிந்தால்தான்.

என்னைக் கேட்டால், நேர்மையைவிட, நடுவர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வதில்தான் சிக்கல். 2023 செப்டம்பர் 30, இங்கிலாந்து அணிகளான டோட்டன்ஹாம் - லிவர்பூல் ஆட்டம். லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் கோல் அடித்தார். துணை நடுவர் ஆஃப்சைடு (பந்து தரும் நேரத்தில் எதிரணித் தடுப்பாளர்களைத் தாண்டி நிற்பது) என்று கொடியைத் தூக்கினார். வீடியோ அறையில் கோடு போட்டுப் பார்த்தால் ஆஃப்சைடே இல்லை. ஆனால் மைதானத்தில் கோல் கொடுத்தாயிற்று என்று நினைத்துக்கொண்டு, 'சரிபார்த்தாச்சு' என்று சொல்லிவிட்டார்கள். மைதானத்தில் அதை 'ஆஃப்சைடு சரிதான்' என்று எடுத்துக்கொண்டு, ஆட்டத்தை மறுபடி தொடங்கிவிட்டார்கள். தொடங்கிய பிறகு அந்தக் கோலைத் திருப்பிக் கொடுக்க விதியில் இடமில்லை. லிவர்பூல் 2-1 என்று தோற்றது.

கடையில் மின்னணுத் தராசு எடையைச் சரியாகத்தான் காட்டுகிறது. கடைக்காரர் சின்ன வெங்காயத்துக்குப் பெரிய வெங்காயத்தின் விலையைப் போட்டால்? தராசு பொய் சொல்லவில்லை, பில் மட்டும் தப்பு. அதே கதைதான்.

அளந்து பார்க்கக்கூடிய ஆஃப்சைடில் தாராளமாக நம்பலாம். ஹேண்ட்பால் (பந்தைக் கையால் தொட்ட குற்றம்) மாதிரி, நடுவர் யோசித்து முடிவு சொல்லவேண்டிய விஷயங்களில், எத்தனை கேமரா வைத்தாலும் சண்டை ஓயாது.

அப்புறம், 'வி.ஏ.ஆர். கோலைப் பறித்துவிட்டது' என்பார்கள். வீடியோ அறையில் இருப்பவர் சொல்லத்தான் முடியும். கடைசி முடிவு மைதானத்தில் விசிலோடு நிற்பவருடையது.