சான்றிதழில் எந்தப் பாடம்?

அன்புள்ள அக்கா,

நான் சென்னை வியாசர்பாடி. சமூகவியல் எம்.ஏ. முடித்து மூன்று வருடமாக ஒரு தொண்டு நிறுவனத்தில் சர்வே வேலை பார்க்கிறேன். எங்கள் பக்கத்துக் குடிசைகளிலிருந்து நகரத்துக்கு வெளியே பெரும்பாக்கம் அடுக்குமாடிகளுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களைப் பற்றி நகரவியலில் (அர்பன் ஸ்டடீஸ்) பி.எச்டி. செய்ய ஆசை. வெளியூர் ஆய்வு நிறுவனம் ஒன்றில் இடமும் கிடைத்திருக்கிறது. அப்பா கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். "அஞ்சு வருஷம் படிச்சிட்டு எந்த ஆபீசுல போய் உக்காருவே?" என்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை. நம்ம ஏரியாவைப் பற்றி எப்போதும் வெளியாட்களே எழுதுகிறார்கள், நாம் எழுத வேண்டாமா என்றும் இருக்கிறது. போகலாமா?

ரா., வியாசர்பாடி

*

அன்புள்ள ரா.,

அப்பாவின் கேள்வி சரியான கேள்வி. நானும் நகரவியலில் பி.எச்டி. செய்தவள்தான். சேரும்போது என்னை நேர்காணல் செய்த ஐந்து பேரில் ஒருவர்கூட அதைக் கேட்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

அவர் கேட்டபடியே ஆபீஸ் ஆபீசாகப் பார்ப்போம். சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்), நகர் ஊரமைப்பு இயக்ககம் மாதிரி இடங்களில் திட்ட அலுவலர் வேலைக்குக் கேட்பது திட்டமிடல் பட்டம். அங்கே நகரவியல் முனைவருக்கு நாற்காலி இல்லை. தொண்டு நிறுவனங்களும் ஆலோசனை நிறுவனங்களும் முதுகலைப் பட்டமும் கள அனுபவமும் இருந்தால் எடுத்துக்கொள்கிறார்கள். அது உங்களிடம் இப்போதே இருக்கிறது. அந்த வேலைகளும் திட்டம் ஓடும்வரைதான். மத்திய அரசின் ஸ்மார்ட் சிட்டி திட்டம் 2015இல் வந்தது, 2025 மார்ச்சோடு முடிந்தது. (நானே இப்போது பதினொரு மாத ஒப்பந்தத்தில்தான் இருக்கிறேன். மூன்றாவது பதினொரு மாதம்.)

மிச்சம் இருப்பது கல்லூரி. 2023 ஜூலை முதல் யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி உதவிப் பேராசிரியர் வேலைக்கு பி.எச்டி. கட்டாயமில்லை, நெட் அல்லது செட் என்ற தகுதித் தேர்வுதான் அடிப்படை. நெட் தாள்களில் நகரவியல் என்று ஒன்று கிடையாது. சமூகவியல் உண்டு, புவியியல் உண்டு, பொருளாதாரம் உண்டு. இந்தச் சின்ன விஷயம் எனக்கு எப்படித் தெரியவந்தது என்று சொல்கிறேன். ஒரு கல்லூரியில் சான்றிதழ் சரிபார்ப்பு. மேசையில் இருந்த அம்மா என் பட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எந்த மேஜர்லம்மா வரும்?" என்றார். ஆறு வருட உழைப்பு, முந்நூறு பக்கம் தீசிஸ், அந்தப் படிவத்தில் ஒரு கட்டத்தை நிரப்ப உதவவில்லை. பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு ஃபைலை ஓரமாக வைத்தார். நல்ல அம்மா, தண்ணீர்கூடக் கொடுத்தார்.

ஆகவே கைடு யார், தலைப்பு என்ன என்பதெல்லாம் அப்புறம். பட்டத்தில் எந்தப் பாடம் அச்சாகும் என்று முதலில் கேளுங்கள். ஆய்வு நிறுவனங்கள் பலவற்றுக்குச் சொந்தமாகப் பட்டம் கொடுக்கும் அதிகாரம் கிடையாது, ஏதாவது ஒரு பல்கலைக்கழகத்தோடு இணைந்திருக்கும். சமூகவியலில் பதிவு செய்துகொண்டே பெரும்பாக்கத்தைப் பற்றி எழுத முடியும் என்றால் அப்படியே செய்யுங்கள்.

அடுத்தது பணம். நெட் தேர்வு வழியாக ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை வாங்கினால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000, பிறகு 42,000. அது இல்லாமல் மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால் யு.ஜி.சி. தருவது 8,000. வெளியூரில் வாடகைக்கே காணாது. வருகிற பணமும் மாதாமாதம் வரும் என்று எண்ணாதீர்கள். எனக்கு ஒருமுறை ஏழு மாதம் வரவில்லை. அம்மாவின் வளையல் தண்டையார்பேட்டை சேட்டு கடையில் இருந்தது.

சரி, நாம் எழுத வேண்டாமா என்ற கேள்விக்கு வருகிறேன். எழுத வேண்டும். ஆனால் ஏரியாக்காரி என்பது கதவைத்தான் திறக்கும். எங்கள் புளியந்தோப்பில் நான் நோட்டைத் திறந்தால் போதும், ரேஷன் கார்டும் ஆதார் ஜெராக்ஸும் ஜவுளிக்கடைக் கவரில் வந்துவிடும். கணக்கெடுப்பு என்று நினைப்பார்கள். பள்ளியில் என் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவளும் கவரை நீட்டினாள். "நாந்தான்டி" என்றேன். "தெரியுது, எழுதிக்கோ. இந்த வாட்டி எம்பேரு வுட்டுப்போவக் கூடாது" என்றாள். முன்பு வீடு ஒதுக்கக் கணக்கெடுக்க வந்தவர்கள் கதவுகளில் சாக்பீஸால் நம்பர் போட்டுக்கொண்டு போனபோது அவள் பிரசவத்துக்கு அம்மா வீட்டில் இருந்திருக்கிறாள். பட்டியலில் 'பூட்டிய வீடு'. அந்த இரண்டு வார்த்தையால் அவளுக்கு ஒதுக்கீடு இல்லை.

எங்கள் தெருவுக்கு மூன்றாவது தெரு அது. எனக்குத் தெரியாது. என் தீசிஸில் உருப்படியான அத்தியாயம் ஒன்று உண்டென்றால், யார் வீடு எப்போது பூட்டியிருக்கும் என்பதைப் பற்றியதுதான். உங்கள் சர்வே படிவத்திலும் அந்தக் கட்டம் இருக்கும். டிக் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனால்தான் நாளைக்கு இத்தனை வீடு என்ற கணக்கு ஓடும். அந்தக் கதவு முன்னால் இரண்டு வருடம் நிற்க வேண்டும் என்று உங்களுக்கு அரிக்கிறதா? அரித்தால் போங்கள்.

பெரும்பாக்கத்தில் ஜனங்கள் கஷ்டப்படுகிறார்கள் என்பது மட்டும் ஆய்வாகாது, அது பஸ் கண்டக்டருக்கும் தெரியும். 1970இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது இருந்த இடத்திலேயே மாடி கட்டித் தருவதுதான் பேச்சு. 2000இல் நகரத்துக்கு வெளியே கண்ணகி நகர் குடியிருப்பு வந்தது, பிறகு பெரும்பாக்கம். 2021இல் வாரியத்தின் பெயரும் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆகிவிட்டது. நடுவில் யார், எந்தக் கோப்பில், என்ன காரணம் எழுதி நம்மை நகரத்துக்கு வெளியே தள்ளினார்கள்? அதைத் தேட மூன்று வருடம் போதாது. யு.ஜி.சி. விதியில் ஆறு வருடம்வரை உண்டு, பெண்களுக்கு இன்னும் இரண்டு சேர்த்துத் தரலாம். அந்த இரண்டை அப்பாவிடம் இப்போது சொல்ல வேண்டாம்.

நெட் ஜூனிலும் டிசம்பரிலும் வருகிறது. வேலையை விடாமல் சமூகவியல் தாளை எழுதுங்கள். சேர்க்கையை ஒரு வருடம் தள்ளிவைக்க முடியுமா என்று அந்த நிறுவனத்துக்கு மெயில் போடுங்கள். பட்டத்தில் என்ன பாடம் அச்சாகும் என்பதையும் அதே மெயிலில் கேட்டுவிடுங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா