பட்டா வாங்கித் தராத பேராசிரியர்

கேள்வி: என் அக்கா மகன் சட்டம் முடித்துவிட்டான். கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு ஐகோர்ட்டுக்குப் போவான் என்று பார்த்தால், அரசியலமைப்பு உரிமை, அரசியல் தத்துவம் என்று மேலே படித்துப் பேராசிரியர் ஆகப்போகிறானாம். வகுப்பில் பேசுகிறவனால் எங்கள் தெருவுக்கு ஒரு பட்டா வாங்கித் தர முடியுமா?
– ஒரு வாசகர், வியாசர்பாடி

பதில்: முடியாது. பட்டாவுக்குத் தாசில்தாரைத்தான் பார்க்க வேண்டும். ஐகோர்ட் வக்கீலும் அங்கேதான் வந்து நிற்பார்.

ஆனால் வகுப்பில் பேசியது எங்கே போய்ச் சேரும் என்பதற்கு ஒரு கதை உண்டு. 1965 பிப்ரவரியில் டீட்டர் கான்ராட் என்ற ஜெர்மன் சட்டப் பேராசிரியர் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் பேசினார். கட்சிக்காரரும் இல்லை, ஃபீஸும் இல்லை. அவர் கேட்டது இதுதான்: அரசியலமைப்பைத் திருத்த நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டு, சரி. உயிரையும் சுதந்திரத்தையும் காக்கிற 21-ஆம் பிரிவையே எடுத்துவிட்டால்? முகலாய மன்னராட்சியைத் திரும்பக் கொண்டுவந்தால்? அதற்கும் திருத்தம் என்றுதான் பெயரா? 1933-இல் ஹிட்லர் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வாங்கியே நாடாளுமன்றத்தைச் செல்லாக்காசாக்கிய நாட்டுக்காரர். அவருக்கு அந்தச் சந்தேகம் வராமல் இருக்குமா?

அந்த உரை வழக்கறிஞர் எம்.கே. நம்பியார் கைக்கு வந்தது. 1950-இல் சென்னை மாநிலத்துக்கு எதிராக கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலனுக்காக வாதாடித் தோற்றாரே, அவர்தான். நாடாளுமன்றத்தின் திருத்த அதிகாரம் பற்றிய 1967 கோலக்நாத் வழக்கில் இந்த வாதத்தை உச்ச நீதிமன்ற நீதிபதிகள் முன் வைத்தார். அன்று அதன்மேல் அவர்கள் தீர்ப்புச் சொல்லவில்லை. 1973-இல் அதே கேள்வி மறுபடி வந்தது, கேசவானந்த பாரதி வழக்கு. 13 நீதிபதிகள், 7க்கு 6. திருத்தம் என்ற பெயரில் அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பில் கைவைக்க முடியாது என்றார்கள். நீதிபதி கன்னா தன் தீர்ப்பில் கான்ராடின் கருத்தை எடுத்துக்காட்டினார். அரசாங்கங்கள் இன்றுவரை முணுமுணுத்துக்கொண்டிருக்கிற தீர்ப்பு.

உங்கள் தெருவுக்கே வருகிறேன். பிழைப்பைப் பறிப்பது உயிரைப் பறிப்பதுதான் என்று 1985-இல் மும்பை நடைபாதைவாசிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதே, அதே 21-ஆம் பிரிவை வைத்துத்தான். (காலி செய்வதை அது தடுத்துவிடவில்லை, அதையும் மறைக்கக் கூடாது.) சென்னைக் குடிசைவாசிகளுக்காக பின்னாளில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியான கே. சந்துரு தொடுத்த வழக்கும் அதே ஆண்டுதான் அங்கே முடிந்தது.

எல்லாப் பேராசிரியரும் கான்ராட் இல்லை. பழுப்பேறிய நோட்ஸை வருஷா வருஷம் படித்துக் காட்டிவிட்டு ஓய்வு பெறுகிறவர்களும் உண்டு. உங்கள் பையன் எந்த ரகம் என்று எனக்கு எப்படித் தெரியும்?

நீங்கள் கவலைப்பட வேண்டியது வேறு. எல்.எல்.எம். என்கிற சட்ட மேற்படிப்பு, பிறகு விரிவுரையாளர் தகுதித் தேர்வான நெட், முனைவர் பட்டம், அதற்குமேல் பணி நியமன அறிவிப்புக்குக் காத்திருப்பு. நடுவில் கௌரவ விரிவுரையாளர் வேலை கிடைக்கலாம். அதில் கௌரவம் பெயரோடு சரி. அதுவரை வீட்டுச் செலவுக்கு அவன் பங்கை யார் போடுவது என்று அக்காவோடு உட்கார்ந்து பேசுங்கள். பட்டா மனுவை அவனையே எழுதச் சொல்லுங்கள்.